போகத்தான் வேண்டும் என்றால் எந்த நாடு?

வாசகர் கேள்வி – பதில்

ஊரை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தால் எங்கே போவது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறோம். அகதி வழக்குகளோடு நாளும் புழங்குபவர்கள் எழுதிய பதில்கள் இவை. சட்டங்கள் 2025 இறுதி நிலவரப்படி.

நாளைக்கே நாட்டை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தால் எந்த நாடு நல்லது? கனடாவா, சுவிஸா, லண்டனா? ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்லுகினம்.
– கிளிநொச்சி

ஊரில் சொல்வது பெரும்பாலும் சொல்பவரின் அண்ணன் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. முதலில் சம்பளத்தைப் பார்க்கிறோம், அடுத்து சொந்தக்காரரைப் பார்க்கிறோம், சட்டத்தைக் கடைசியில் பார்க்கிறோம். பார்க்க வேண்டிய வரிசை நேர்மாறானது.

முதலில், அங்கே போய் இறங்க முடியுமா? அகதி விண்ணப்பம் என்பது அந்த நாட்டு மண்ணிலோ எல்லையிலோ நின்றுதான் கொடுக்க முடியும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு கனடா, பிரிட்டன், அவுஸ்திரேலியா, ஷெங்கன் நாடுகள் எல்லாமே முன்கூட்டி விசா கேட்கின்றன. படிப்பு, வேலை, மாநாடு, உறவினரைப் பார்த்தல் என்று உண்மையான காரணத்தோடு எந்த நாட்டின் விசா உங்களுக்குக் கிடைக்கும் என்று பார்த்தாலே பட்டியல் பாதியாகிவிடும். விசா படிவத்தில் எழுதும் ஒவ்வொரு வரியும் பின்னால் அகதி விசாரணை அதிகாரியின் மேசைக்கு வரும். அங்கே வேலை, வங்கி மீதி, திருமண நிலை எதிலாவது பொய் இருந்தால் உங்கள் கேஸுக்கு எதிரான முதல் ஆவணம் அதுதான்.

அடுத்து, பிடித்துத் திருப்பி அனுப்பாதா? 1951 அகதிகள் சாசனத்திலோ அதன் 1967 நெறிமுறையிலோ ஒப்பமிட்ட நாடு, ஆபத்துள்ள இடத்துக்கு உங்களை அனுப்பக் கூடாது என்ற 33ஆம் உறுப்புரைக்குக் கட்டுப்பட்டது. இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா, வளைகுடா நாடுகள் ஒப்பமிடாதவை. அங்கே நீங்கள் இருப்பது அரசின் தயவில். சட்ட உரிமை என்று நீட்டிக் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. டுபாயில் வேலை செய்யும் ஒருவருக்கு ஊரில் ஆபத்து வந்தால், வேலை விசா முடிவதற்குள் வேறு நாட்டுக்கு வழி தேடியாக வேண்டும்.

மூன்றாவது, முடிவு வரும்வரை எதில் சாப்பிடுவது? இங்கேதான் நாடுகளுக்கிடையே பெரிய வித்தியாசம். கனடாவில் விண்ணப்பம் ஏற்கத்தக்கது என்று முடிவாகி மருத்துவப் பரிசோதனையும் முடிந்தால் வேலை அனுமதி வரும். ஜேர்மனியில் பொதுவாக மூன்று மாதம். ஆரம்ப வரவேற்பு முகாமில் இருக்கும்வரை ஆறு மாதம். பிரான்சில் ஆறு மாதம் கடந்தும் முடிவு வராவிட்டால் அனுமதி கேட்கலாம். பிரிட்டனில் பன்னிரண்டு மாதம் கடக்க வேண்டும், அப்போதும் குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும். கடன் வாங்கிப் போனவருக்கு இந்த ஒரு வருடம் சின்ன விஷயமில்லை. களவாக வேலை செய்யத் தள்ளுவதும் அந்த வருடம்தான்.

நாலாவது, குடும்பத்தைக் கூப்பிட முடியுமா? இதற்குத் தனிக் கேள்வி வந்திருக்கிறது, அங்கே பார்ப்போம். மொழி, குளிர், கோயில், ஊர்ச்சங்கம் எல்லாம் இந்த நாலுக்கும் பிறகு.

ஒரு வரிதான் வேண்டும் என்றால்: விசா கைக்கு எட்டினால் கனடா. எட்டாவிட்டால் சாசனத்தில் ஒப்பமிட்ட நாடுகளில் எது எட்டுகிறதோ அது.

இன்னொன்றும் உண்டு. இந்தத் தெரிவை இரண்டாம் முறை செய்ய முடியாது. அமெரிக்கா, பிரிட்டன், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றில் ஒன்றில் ஏற்கெனவே அகதி விண்ணப்பம் போட்டவர் கனடாவில் வழக்கமான அகதி விசாரணைக்குத் தகுதி இழக்கிறார். 2019இல் வந்த சட்டம் இது. நாடுகடத்தலுக்கு முந்தைய ஆபத்து மதிப்பீடு மட்டும்தான் அவருக்கு மிஞ்சும். "லண்டனில் போட்டுப் பார்ப்போம், அடிபட்டால் கனடா" என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது.

கொழும்பில் இருக்கிற தூதரகத்திலேயே அகதி அந்தஸ்துக் கேட்கலாமா? சுவிஸ் அப்படிக் கொடுத்தது என்று மாமா சொல்கிறார்.
– திருகோணமலை

மாமா சொல்வது ஒரு காலத்தில் சரி. சுவிஸ் தூதரகங்களில் விண்ணப்பம் கொடுக்கும் வழி இருந்தது. இலங்கையர் பலர் அதைப் பயன்படுத்தினார்கள். 2012 செப்டெம்பரில் அதை மூடிவிட்டார்கள். மனிதாபிமான விசா என்று ஒன்று இன்னும் இருக்கிறது. ஆனால் உயிருக்கு நேரடியான, உடனடியான ஆபத்தைத் தனிப்பட்ட முறையில் நிறுவ வேண்டும். பொதுவாக நிலைமை மோசம் என்று எழுதினால் போதாது. கிடைப்பவர் மிகச் சிலரே.

மற்ற மேற்கு நாட்டுத் தூதரகங்களின் வாசலில் போய் நின்றால் விசாப் பிரிவுக்குப் போகச் சொல்வார்கள். தூதரகத்துக்குள் அகதி விண்ணப்பம் போட்டுத் தருகிறேன் என்று காசு கேட்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர்தான்.

எனக்கு அமெரிக்க விசா இருக்கு. அக்கா ரொறன்ரோவில். நியூயோர்க்கில் இறங்கி எல்லையால் கனடாவுக்குள் போய் அகதியாய்ப் பதியலாமா?
– யாழ்ப்பாணம்

உங்கள் அக்கா இல்லாவிட்டால் முடியாது என்றே சொல்லியிருப்போம். கனடாவும் அமெரிக்காவும் ஒன்றையொன்று "பாதுகாப்பான மூன்றாம் நாடு" என்று ஏற்கும் ஒப்பந்தம் 2004 டிசம்பர் 29 முதல் நடப்பில் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து தரை எல்லையால் வருபவரைக் கனடா திருப்பி அமெரிக்காவிடம் கொடுத்துவிடும். முன்பு அதிகாரபூர்வ எல்லைச் சாவடிகளுக்கு மட்டும் அது பொருந்தியதால் காட்டுப் பாதையால் நடந்து வந்தார்கள். 2023 மார்ச் 25 முதல் எல்லை முழுவதற்கும் பொருந்துகிறது. வேறெங்காவது கடந்து பதினான்கு நாளுக்குள் விண்ணப்பம் போட்டாலும் இதே கதிதான்.

விலக்குகளில் முக்கியமானது குடும்ப விலக்கு. கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ பாதுகாக்கப்பட்டவர் என்ற நிலையோ உள்ள கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை, பெற்றோரின் உடன்பிறப்புகள், உடன்பிறப்பின் பிள்ளைகள் இருந்தால் உள்ளே விடுவார்கள். செல்லுபடியாகும் வேலை அல்லது படிப்பு அனுமதியோடு அங்கே இருப்பவரும் இந்தக் கணக்கில் வரலாம். வராதவர்கள், பெரியப்பா பெரியம்மா, சித்தப்பா சித்தி, மாமா மாமி ஆகியோரின் பிள்ளைகள். நாம் பெரியம்மா மகளையும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். எல்லையில் அப்படிச் சொல்லி, பிறகு பிறப்புச் சான்றிதழில் வேறு தாய் தகப்பன் பெயர் இருந்தால், உறவு இல்லாமல் போவதோடு நீங்கள் பொய் சொன்னதாகவும் பதிவாகும்.

சொந்த அக்காதான் என்றால் அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். இருவரின் பிறப்புச் சான்றிதழ்களும், அவற்றில் தாய் தகப்பன் பெயர் ஒன்றாக இருப்பதும்தான் ஆதாரம். இங்கேதான் சிக்கல் தொடங்கும். உங்கள் சான்றிதழ் கையெழுத்தில், தமிழில் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் தகப்பனின் பெயரை ஆங்கிலத்தில் 'டி' போட்டு எழுதியிருப்பார். அக்காவினதில் இருபது வருடத்துக்கு முன் வேறொருவர் 'டி எச்' போட்டிருப்பார். அக்காவின் கனடிய அட்டையில் குடும்பப் பெயராகக் கணவரின் முதற்பெயர் இருக்கும். உங்கள் கடவுச்சீட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். எல்லையில் நிற்கும் அதிகாரிக்கு இது இரண்டு குடும்பம். ஆகவே இரண்டு சான்றிதழையும் ஒரே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஒரே எழுத்துக்கூட்டலில் பெயர்த்து வாங்குங்கள். அக்காவின் திருமணச் சான்றிதழ், அவரது வதிவுரிமை அட்டையின் பிரதி, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அவர் கனடாவில் கொடுக்கும் சத்தியக் கடதாசி ஆகியவை உங்கள் கையில் இருக்கட்டும், கைபேசியில் மட்டும் போதாது. நீங்கள் எல்லையில் நிற்கும் நேரத்தில் அக்கா தொலைபேசியை எடுக்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும்.

காகிதம் சரியாக இல்லாமல் போய்த் திருப்பப்பட்டால் அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகளின் கையில் விடப்படுவீர்கள். தடுப்புக்காவல் வரை போகலாம். கனடிய விசாவே கிடைக்கும் நிலை இருந்தால் நேராக ரொறன்ரோவுக்கு விமானத்தில் போவதுதான் சுத்தமான வழி.

இத்தாலி விசா கிடைத்திருக்கிறது. ஆனால் மச்சான் பாரிஸில். பிரான்சில் கேஸ் போட்டால் என்ன?
– நீர்கொழும்பு

போடலாம். பிரான்ஸ் பெரும்பாலும் உங்களை இத்தாலிக்கு அனுப்பப் பார்க்கும். ஐரோப்பிய நாடுகளுக்கிடையேயான டப்ளின் விதிப்படி எந்த நாடு விசா கொடுத்ததோ அந்த நாடுதான் விண்ணப்பத்தை விசாரிக்கப் பொறுப்பு. விசாவுக்குக் கொடுத்த பத்து விரல் ரேகையும் பொதுத் தரவுத்தளத்தில் இருக்கிறது. பாரிஸில் விரல் வைத்த உடனே இத்தாலி என்று வந்துவிடும். கடவுச்சீட்டைக் கிழித்தாலும் தொலைத்தாலும் ரேகை தொலையாது. அகதி விண்ணப்பத்துக்கு எடுத்த ரேகையைப் பத்து வருடம் வைத்திருப்பார்கள். சுவிஸ், நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் டப்ளினில் இருக்கின்றன. பிரிட்டன் 2021 முதல் இல்லை. 2026 நடுப்பகுதியில் புதிய ஐரோப்பியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வருகிறது. அதிலும் பொறுப்பு நாடு என்ற அடிப்படை மாறவில்லை.

மச்சான் இந்தக் கணக்கில் குடும்பம் இல்லை. கணவன், மனைவி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மட்டுமே குடும்பம். ஆகவே ஐரோப்பாவில் நாட்டைத் தெரிவு செய்யும் இடம் கொழும்பில் விசாப் படிவம் நிரப்பும் மேசைதான். பிரான்ஸ் வேண்டும் என்றால் பிரெஞ்சு விசாவுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும்.

பிரான்சே பொறுப்பு நாடானால் இரண்டு கெடுக்களை மறக்காதீர்கள். நாட்டுக்குள் வந்து 90 நாளுக்குள் பதியாவிட்டால் துரித நடைமுறையில் போட்டுவிடுவார்கள்; நேரம் குறையும், தப்பும் கூடும். பதிந்தபின் ஒஃப்ப்ரா (பிரான்சின் அகதிகள் அலுவலகம்) படிவத்தை 21 நாளுக்குள் பிரெஞ்சில் நிரப்பி அனுப்ப வேண்டும். நேர்காணலுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டு, படிவத்துக்கு இல்லை. பாரிஸில் தமிழர் கடைகள் உள்ள லா ஷப்பலில் காசுக்குக் கதை எழுதிக் கொடுப்பவர்களிடம் போனால் முந்தின ஆளின் கதையில் ஊர் பேரை மட்டும் மாற்றித் தருவார்கள். அதிகாரி அந்தக் கதையை அந்த மாதமே நாலு முறை படித்திருப்பார். நிராகரித்தால் மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம்.

கணவர் முதலில் போய் அந்தஸ்து எடுக்கட்டும், பிறகு நானும் இரண்டு பிள்ளைகளும் போவோம் என்று யோசிக்கிறோம். எந்த நாடு வசதி?
– மட்டக்களப்பு

இந்த ஒரு கேள்வியில்தான் 2025இல் நாடுகளின் வரிசையே மாறியது. பிரிட்டன் அகதிகளின் குடும்ப இணைப்பு வழியில் புது விண்ணப்பங்களை 2025 செப்டெம்பர் 4 முதல் நிறுத்தி வைத்தது. சாதாரணக் குடும்ப விசாவின் வருமான நிபந்தனைக்குள் வர வேண்டியதாயிற்று. நவம்பரில் இன்னொரு அறிவிப்பும் வந்தது: அகதி அந்தஸ்தை முப்பது மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்வது, நிரந்தர வதிவுரிமைக்கு இருபது வருடம் காத்திருக்க வைப்பது. இளம் குடும்பத்துக்கு லண்டனை இப்போது நாங்கள் முதலில் சொல்ல மாட்டோம்.

ஜேர்மனியில் எந்த வகை அந்தஸ்து என்பதே எல்லாம். முழு அகதி அந்தஸ்துக் கிடைத்தால், கிடைத்த மூன்று மாதத்துக்குள் குடும்ப இணைப்புக் கோரிக்கையைப் பதிந்துவிட வேண்டும். அப்போது வருமானமும் வீடும் கேட்க மாட்டார்கள். ஒரு நாள் பிந்தினாலும் கேட்கலாம். அதற்கு ஒருபடி கீழான துணைப் பாதுகாப்புக் கிடைத்தவர்களுக்கு 2025 ஜூலை 24 முதல் இரண்டு வருடத்துக்குக் குடும்ப இணைப்பே நிறுத்தம். சுவிஸில் தற்காலிக அனுமதியான 'எஃப்' கிடைத்தால் குடும்பத்தைக் கூப்பிட ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சொந்த உழைப்பில் வாழ்கிறார் என்றும் காட்ட வேண்டும்.

கனடாவில் கணவர் ஏற்கப்பட்டபின் போடும் நிரந்தர வதிவுரிமை விண்ணப்பத்திலேயே உங்களையும் 22 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகளையும் சேர்க்கலாம். விரைவில் முடியும் என்று நினைக்க வேண்டாம், வருடங்கள் எடுக்கும். ஆனால் வழி திறந்திருக்கிறது. அங்கே குடும்பங்களைக் கவிழ்ப்பது வேறொன்று. சிலர் விசாவுக்கோ விண்ணப்பத்துக்கோ "தனி ஆள்" என்று எழுதிவிடுகிறார்கள், அல்லது முதல் தாரத்துப் பிள்ளையைச் சொல்லாமல் விடுகிறார்கள். வதிவுரிமை விண்ணப்பத்தில் அறிவிக்காத மனைவியையோ பிள்ளையையோ பின்னர் குடும்ப வகுப்பில் கூப்பிடுவதை கனடியச் சட்டம் தடுக்கிறது. கூட வராவிட்டாலும், கோபத்தில் பிரிந்திருந்தாலும் பெயரை எழுதியே ஆக வேண்டும். கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவு செய்யாமல் இருந்தால், அவர் கிளம்புமுன் பதிவு செய்துவிடுங்கள். பதிவில்லாத திருமணத்தை நிறுவப் பின்னால் படும் பாடு பெரிது.

உங்கள் கடிதத்தில் ஆபத்து கணவருக்கு மட்டுமா என்று இல்லை. அவரைத் தேடி உங்கள் வீட்டுக்கு வருவார்கள் என்றால் பிரிந்து போகும் திட்டமே பிழை.

நான் 1986ல மண்டபம் கேம்ப்ல பிறந்தேன். தம்பி 1990ல, அதே கேம்ப். அவன் படகுல எங்கயாவது போயிடலாம்ங்கறான். எங்களுக்கு வேற வழி இருக்கா சார்?
– கும்மிடிப்பூண்டி

உங்களுக்கு இருக்கிறது; தம்பிக்கு வேறு கணக்கு.

இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955இன் 3ஆம் பிரிவுப்படி, 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். இலங்கை அகதிகளுக்கான மண்டபம் முகாமில் பிறந்தவருக்கும் இது பொருந்தும். 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. நீங்கள் முதலில் தேட வேண்டியது மண்டபத்தில் பதிவான பிறப்புச் சான்றிதழ். அதில் பிறந்த தேதி, இடம், பெற்றோர் பெயர், உங்கள் பெயர் நான்கும் இருக்க வேண்டும். அந்தக் காலப் பதிவுகளில் குழந்தையின் பெயர் வெறுமையாகவே கிடக்கும். பெயர் சேர்க்க உள்ளூர்ப் பதிவாளரிடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும். பிறகு பாஸ்போர்ட் விண்ணப்பம். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு மாவட்ட இலவச சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். முகாம் பதிவேட்டில் இத்தனை வருடம் இலங்கையர் என்று இருந்ததே என்று தயங்க வேண்டாம். அந்தப் பதிவு பிறப்பால் வந்த குடியுரிமையை அழிக்காது.

தம்பி 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்தவர். பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் அவருக்கு இந்த வழி. 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கை இல்லை. அவர் செய்ய வேண்டியது, சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் தன் பிறப்பைப் பதிந்து இலங்கைக் குடியுரிமையும் கடவுச்சீட்டும் பெறுவது. ஊர் திரும்பும் எண்ணம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யட்டும். எந்த நாட்டுக் காகிதமும் இல்லாதவருக்குப் படிப்பு விசாவும் இல்லை, வேலை விசாவும் இல்லை. கடவுச்சீட்டு வந்தபின் இந்தியாவை விட்டுப் போக வெளியேறும் அனுமதியும் வேண்டும். அதற்குக் காவல்துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். விமான டிக்கெட் எடுப்பதற்கு மாதங்களுக்கு முன்பே கலெக்டர் அலுவலகத்தில் தொடங்க வேண்டிய வேலை அது.

படகு வேண்டாம். 2013 ஜூலை 19க்குப் பிறகு படகில் வருபவர் எவரையும் அவுஸ்திரேலியா தன் மண்ணில் குடியமர்த்துவதில்லை. கடலிலேயே மறித்துத் திருப்புகிறது. ரீயூனியன் தீவு பிரெஞ்சு மண்தான் என்று சொல்லி ஏற்றுகிறார்கள்; அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் பலர் விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2022 நவம்பரில் 303 இலங்கையரோடு போன கப்பல் வியட்நாம் பக்கம் நடுக்கடலில் மூழ்கும் நிலையில் இருந்தபோது ஒரு ஜப்பானியச் சரக்குக் கப்பல் எடுத்துக் காப்பாற்றியது. அப்படி ஒரு கப்பல் பக்கத்தில் வரும் என்பதை நம்பி ஏற முடியாது.

இந்தியாவுக்கே போய்விடலாம்தானே? பலாலியில் ஏறினால் சென்னை, மொழிப் பிரச்சினையும் இல்லை.
– வவுனியா

உயிர் தப்ப இந்தியா நல்ல இடம். எங்கள் கருத்தில், வாழ்க்கை அமைக்க அல்ல. விசாவில் விமானத்திலோ காங்கேசன்துறைக் கப்பலிலோ போனால் நீங்கள் சுற்றுலாப் பயணி, அகதி இல்லை. விசா முடிந்து தங்கினால் 2025 குடிவரவு, வெளிநாட்டவர் சட்டப்படி குற்றம். இந்திய உள்துறை அமைச்சு 2025 செப்டெம்பரில் ஒரு விலக்கு அறிவித்தது: 2015 ஜனவரி 9 வரை வந்து தஞ்சமடைந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்கு, ஆவணமில்லாமல் இருப்பதற்கான தண்டனைப் பிரிவுகள் பொருந்தா. அந்தத் தேதிக்குப் பின் வருபவருக்கு அது கிடையாது. 2022 பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்திறங்கி மண்டபத்தில் தங்க வைக்கப்பட்டவர்களும் அந்த விலக்குக்கு வெளியேதான்.

இந்தியாவில் ஆப்கானியர், மியன்மார்க்காரர் போன்றோரை ஐ.நா. அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர். பதிகிறது. இலங்கைத் தமிழரை அரசே நேரடியாகப் பார்க்கிறது. ஆகவே சென்னையில் இருந்துகொண்டு யு.என். அட்டை எடுத்து மூன்றாம் நாட்டுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மலேசியா?
– மன்னார்

யு.என்.எச்.சி.ஆர். அட்டை கிடைக்கலாம். அது மலேசியச் சட்டத்தில் அனுமதிப்பத்திரம் அல்ல. சட்டபூர்வமாக வேலை இல்லை, பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி இல்லை, குடிவரவுச் சோதனையில் பிடித்தால் தடுப்பு முகாம். மூன்றாம் நாட்டுக் குடியமர்வு என்பது வரிசை அல்ல. அட்டை எடுத்த தேதிப்படி முறை வரும் என்று காத்திருக்க முடியாது. இடைத்தங்கலாகக்கூட நாங்கள் சொல்ல மாட்டோம்.

அவசரத்தில் கிளம்பினால் என்ன காகிதங்கள் எடுக்க வேண்டும்?
– முல்லைத்தீவு

கிளம்பும்போது எடுப்பதல்ல, இப்போதே சேர்ப்பது. அடையாளத்துக்கு: ஆளாளுக்குப் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பழைய கடவுச்சீட்டுகள். கடவுச்சீட்டில் குறைந்தது ஆறு மாதச் செல்லுபடி இருக்கட்டும். பிள்ளைகளுக்கு இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். அவசரத்தில் ஒரு குடும்பம் நின்றுபோவது பெரும்பாலும் ஒரு பிள்ளையின் கடவுச்சீட்டால்தான். பிழைப்புக்கு: ஓ.எல்., ஏ.எல். பெறுபேறுகள் (பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து ஆங்கிலத்தில்), பட்டம், தொழிற்பயிற்சிச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரம், தடுப்பூசி அட்டை. வெளிநாட்டில் செல்ல வேண்டியவற்றுக்கு வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் அத்தாட்சி வாங்குங்கள். யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் உண்டு.

கேஸுக்கு: பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, அழைப்பாணை, நீதிமன்ற வழக்கு இலக்கம், மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால் அதன் இலக்கம், காயத்துக்கு ஆஸ்பத்திரி கொடுத்த நோய் நிர்ணய அட்டை. தடுப்பில் இருந்தபோது சர்வதேச செஞ்சிலுவைக் குழு (ஐ.சி.ஆர்.சி.) வந்து பார்த்துப் பதிந்திருந்தால் அதற்கான அத்தாட்சியை அவர்களிடம் கேட்கலாம். இதைவிடக் கனமான காகிதம் குறைவு. கனம் குறைந்தவை: எம்.பி., ஜே.பி. (சமாதான நீதவான்), பாதிரியார், கிராம சேவகர் கொடுக்கும் பொதுக் கடிதங்கள். "இவரை எனக்கு நன்கு தெரியும், இவருக்கு ஆபத்து" என்று ஒரே வாசகத்தில் நூறு பேருக்குக் கொடுத்த கடிதம் கேஸைக் கெடுக்கும். கடிதம் எழுதுபவர் தான் நேரில் கண்டதை, கண்ட நாளை மட்டும் எழுதட்டும்.

காகிதத்தோடு ஒரு கொப்பியில் நடந்ததைத் தேதிவாரியாக எழுதி வையுங்கள். நாம் "தைப்பொங்கல் முடிஞ்சு", "திருவிழாவுக்கு முதல் கிழமை" என்றுதான் நினைவு வைத்திருப்போம். முதல் நேர்காணலில் பங்குனியை மார்ச் என்றும் இரண்டாவதில் ஏப்ரல் என்றும் சொன்னால், நினைவுப் பிசகு என்று விடமாட்டார்கள். நம்பகத்தன்மை இல்லை என்று எழுதுவார்கள். நாள் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லலாம். ஊகித்து ஒரு தேதி சொல்வதுதான் ஆபத்து. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, வெளிநாட்டில் உள்ள நம்பிக்கையான ஒருவருக்கு மின்னஞ்சலில் இப்போதே அனுப்பிவிடுங்கள்.

எனக்கு உயிராபத்து என்று இல்லை. சம்பளத்தில் வாழ முடியவில்லை, அவ்வளவுதான். அகதியாகப் போகலாமா? ஒருவர் எல்லாம் செய்து தர 45 இலட்சம் கேட்கிறார்.
– நுவரெலியா

போக வேண்டாம். இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவார் என்ற அச்சம் இருந்தால்தான் சாசனப்படி அகதி. வறுமை அதில் இல்லை. கேஸ் அடிபட்டால் அந்தப் பதிவு பின்னால் கேட்கும் ஒவ்வொரு விசாவிலும் குறுக்கே நிற்கும்.

45 இலட்சம் கையில் திரட்ட முடிந்தவருக்கு நேர்வழிகள் உண்டு. கொரிய வேலை அனுமதித் திட்டத்துக்கு அரசு வழியாக மொழிப் பரீட்சை. ஜப்பானின் குறித்த திறன் தொழிலாளர் விசாவுக்குத் துறைப் பரீட்சையோடு அடிப்படை ஜப்பானியம். ஜேர்மனிக்குத் தாதியர், மின்தொழிலாளர் தேவை இருக்கிறது. 'பி1' மட்டத்துக்கு ஜேர்மன் படிக்க ஒரு வருடம் ஒதுக்குங்கள். பிரிட்டன் பராமரிப்புப் பணி விசாவில் வெளிநாட்டிலிருந்து ஆளெடுப்பதை 2025 ஜூலை 22இல் மூடிவிட்டது. இன்னும் அதை விற்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்த முகவரிடம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிம இலக்கத்தைக் கேட்டு, பணியகத்திலேயே சரிபாருங்கள். குடிவரவு ஆலோசகர் என்றால் கனடா, பிரிட்டன், அவுஸ்திரேலியா மூன்றிலும் பதிவுபெற்றவர் பட்டியல் இணையத்தில் பார்வைக்கு இருக்கிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று போய் மியன்மார் எல்லையில் மோசடி முகாம்களில் அடைபட்டவர்களும், ரஷ்யாவில் வேலை என்று போய்ப் போர்முனையில் விடப்பட்டவர்களும் இப்படி ஒருவரிடம் காசு கட்டிப் போனவர்கள்தான்.

அந்தஸ்துக் கிடைத்தபின் ஊருக்கு வந்து அம்மாவைப் பார்க்கலாமா?
– பருத்தித்துறை

கூடாது. ஆபத்து என்று சொல்லி வந்த நாட்டுக்குத் தானாகத் திரும்பிப் போனாலோ, இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்தாலோ, அந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் ஏற்றுக்கொண்டதாகக் கொண்டு அகதி அந்தஸ்தை எடுக்கலாம். கனடாவில் 2012 டிசம்பருக்குப் பிறகு அதோடு நிரந்தர வதிவுரிமையும் சேர்ந்து போகும். குடியுரிமை எடுக்கும்வரை அந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்கும். சுவிஸில் அகதிகள் சொந்த நாட்டுக்குப் பயணம் செய்ய வெளிப்படையாகவே தடை.

பலர் செய்வதுபோல் அம்மாவைச் சென்னைக்கோ திருச்சிக்கோ வரச் சொல்லிச் சந்திக்கலாம். அம்மாவுக்கு இந்திய இ-விசா கிடைக்கும். அகதிப் பயண ஆவணத்தில் போகும் உங்களுக்கு இ-விசா இல்லை. நீங்கள் இருக்கும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும், அது வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் இழுக்கும். விசா கையில் வந்தபின் அம்மாவுக்கு டிக்கெட் போடுங்கள்.